எதிரணி வராத மைதானம்



இந்தியா 17, ஓமன் 0. மதுரை ரேஸ்கோர்ஸில் புதுசாகக் கட்டின ஹாக்கி ஸ்டேடியத்தில் 2025 நவம்பர் 29-ஆம் தேதி நடந்த ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டத்தின் முடிவு இது. நம்ம பள்ளியிலிருந்தும் சில பேர் பஸ் மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். அந்த 17 கோலில் எத்தனை கோல் ஞாபகம் இருக்கு? ஒருத்தன் லைட் வெளிச்சம் பட்டப்பகல் மாதிரி இருந்ததைச் சொன்னான். இன்னொருத்தன் மைதானத்து நீலக் கலரைச் சொன்னான். திரும்பி வரும்போது பஸ் கிடைக்காமல் நின்ற கதையை மட்டும் மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். கோல் ஒன்றுகூட யாருக்கும் தெளிவாக ஞாபகம் இல்லை!

ஓமனைக் குறை சொல்லவில்லை. கடைசி நேரத்தில் கூப்பிட்டதும் வந்த பிள்ளைகள் அவர்கள். ஆனால் அந்த இடம் அவர்களுக்குப் போட்ட இடம் இல்லை. 2025 ஜூன் மாதம் எந்த நாடு எந்தப் பிரிவு என்று குலுக்கிப் போட்டபோது இந்தியா, பாகிஸ்தான், சிலி, சுவிட்சர்லாந்து நாலும் ஒரே பிரிவில் வந்தன. போட்டி நடக்கும் ஊர்கள் சென்னையும் மதுரையும். செய்தியைப் படித்த நாளிலிருந்து நானும் இன்னும் ரெண்டு மூணு பேரும் நாள் எண்ண ஆரம்பித்தோம். இந்தியாவும் பாகிஸ்தானும் மோதும் ஆட்டம் தமிழ்நாட்டு மண்ணில்! 21 வயசுக்கு உட்பட்ட அண்ணன்கள் ஆடும் ஆட்டம்தான். இருந்தாலும் இந்தியா-பாகிஸ்தான் இல்லையா? அக்டோபர் மாதம் பாகிஸ்தான் வரவில்லை என்று சொல்லிவிட்டது. எண்ணிக்கை அத்தோடு நின்றது.

"நல்லதாப் போச்சு" என்று சொன்னவர்கள்தான் அதிகம். டீக்கடையில் சொன்னார்கள், சிட்கோவுக்கு வேலைக்குப் போகிற அண்ணன்கள் சொன்னார்கள், நம்ம வகுப்பிலும் சொன்னார்கள். எனக்கு அது நல்லதாகப் படவில்லை. ஏன் என்பதைத்தான் இந்தத் தாளில் எழுதுகிறேன். கோபம் வருகிறவர்களுக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன், பென்சிலால் எழுதுங்கள். (பேனா வேண்டாம். பக்கத்துத் தாளில் ஆறாம் வகுப்புத் தங்கச்சிகள் போட்ட மயில் படம் இருக்கிறது, மை தெறித்தால் அழுவார்கள்.)

முதலில் நமக்குத் தெரிந்த விஷயத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன். குறுவட்டப் போட்டிக்குப் போகிறோம். நமக்கென்று ஒரு பரம எதிரி ஸ்கூல் இருக்கு, பெயர் எழுத வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரியும். வருஷம் முழுக்க அவர்களைத் தோற்கடிக்கணும் என்றுதான் கபடி டீம் பிராக்டீஸ் பண்ணுகிறது. அன்றைக்குக் காலையில் அந்த ஸ்கூல் டீம் வராவிட்டால் என்ன ஆகும்? வாக்கோவர். நமக்கு வெற்றி என்று எழுதிக் கொடுப்பார்கள். அந்த வெற்றியோடு வேனில் திரும்பி வரும்போது யாராவது பாட்டுப் பாடியிருக்கோமா? ஜன்னல் ஓரம் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டேதான் வருவோம். தோற்றுப்போய் வருகிற நாளில்கூட வேன் கலகலப்பாக இருக்கும், யார் தப்பு பண்ணினது என்று சண்டையாவது நடக்கும். ஒரு கை தட்டினால் ஓசை வராது என்று நம்ம பாட்டிகள் சொல்வது விளையாட்டுக்கும் பொருந்தும்.

ஹாக்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960 ரோம் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தான் நம்மை 1-0 என்று தோற்கடித்தது. 1928-லிருந்து தொடர்ந்து ஆறு தங்கம் வாங்கிய நம்ம அணிக்கு அது பெரிய அடி. நாலு வருஷம் காத்திருந்து 1964-ல் டோக்கியோவில் அதே 1-0 கணக்கில் திருப்பிக் கொடுத்தோம். 1975-ல் கோலாலம்பூரில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், எதிரில் மறுபடியும் பாகிஸ்தான். 2-1 என்று ஜெயித்தோம், வெற்றி கோலைப் போட்டது தியான் சந்தின் மகன் அசோக்குமார். ஆண்கள் ஹாக்கியில் நாம் ஜெயித்த ஒரே உலகக் கோப்பை அதுதான். பாகிஸ்தான் 1971, 1978, 1982, 1994 என்று நாலு முறை வாங்கியிருக்கிறது. 1982 டெல்லி ஏசியாட் இறுதி ஆட்டத்தில் நம் ஊரிலேயே நம்மை 7-1 என்று போட்டுத் தள்ளினார்கள். அந்த 7-1 பற்றிப் பேசினால் இப்போதும் பெரியவர்கள் முகம் சுண்டிப் போகிறது. அவ்வளவு வருஷம் வலிக்கிறது என்றால் அது எப்பேர்ப்பட்ட ஆட்டமாக இருந்திருக்கணும்?

1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் நாம் தங்கம் வாங்கினோம். கேப்டன் நம்ம தமிழ்நாட்டுக்காரர் வாசுதேவன் பாஸ்கரன். ஆண்கள் ஹாக்கியில் அதற்குப் பிறகு ஒலிம்பிக் தங்கம் வரவில்லை. ஆனால் அந்த ஒலிம்பிக்கைப் பல நாடுகள் புறக்கணித்தன, பாகிஸ்தானும் வரவில்லை. அதனால் என்ன ஆச்சு? அந்தத் தங்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் கடைசியில் ஒரு "ஆனால்" போட்டுவிடுகிறார்கள். நானும் இப்போது போட்டுவிட்டேன் பாருங்கள்! உழைத்து ஆடிய அந்த வீரர்கள் என்ன தப்பு பண்ணினார்கள்? எதிரணி வராமல் போனால் நட்டம் வராதவனுக்கு மட்டும் இல்லை, வந்து ஜெயித்தவனுக்கும்தான்.

சரி, பாகிஸ்தான் வந்திருந்தால் மதுரை எப்படி நடந்துகொண்டிருக்கும்? எனக்கு அதுதான் ஆசை. இதற்கு முன் சென்னை எப்படி நடந்துகொண்டது என்று படித்ததனால் வந்த ஆசை இது.

1999 ஜனவரி. பாகிஸ்தான் கிரிக்கெட் அணி இந்தியாவில் டெஸ்ட் ஆட வருகிறது. 1987-க்குப் பிறகு அவர்கள் இங்கே டெஸ்ட் ஆடவே இல்லை, அதனால் நாடு முழுக்கப் பேச்சு. அவர்கள் வரக் கூடாது என்று சொன்ன சிலர் டெல்லி பெரோஸ் ஷா கோட்லா மைதானத்துக்குள் புகுந்து பிட்சையே தோண்டிப் போட்டுவிட்டார்கள். டெல்லியில் நடக்க வேண்டிய முதல் டெஸ்ட் சென்னை சேப்பாக்கத்துக்கு மாறியது. எதிர்பார்ப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம், சுற்றிலும் போலீஸ்.

நாலாவது நாள், ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. இந்தியா ஜெயிக்க 271 ரன் வேண்டும். 82 ரன்னுக்கு 5 விக்கெட் போச்சு. டெண்டுல்கர் முதுகு வலியோடு நின்று ஆடுகிறார், கூட மோங்கியா. ரெண்டு பேரும் சேர்ந்து 136 ரன். வெற்றிக்கு 17 ரன் பாக்கி இருக்கும்போது, சக்லைன் முஷ்டாக் பந்தில் டெண்டுல்கர் 136 ரன்னோடு அவுட். அப்புறம் மூன்று விக்கெட்டும் நாலே ரன்னுக்குள் விழுந்துவிட்டது. 258 ஆல் அவுட். 12 ரன்னில் தோல்வி.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்க. நாலு நாள் வெயிலில் உட்கார்ந்த கூட்டம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. ஜெயித்தது பாகிஸ்தான். முதலில் அரங்கம் அப்படியே உறைந்து போனதாம். பிறகு கூட்டம் எழுந்து நின்று கைதட்ட ஆரம்பித்தது. அந்தக் கைதட்டலைக் கேட்டு வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி வந்து கையசைத்துவிட்டுப் போனது. கிரிக்கெட் பற்றி எழுதுகிறவர்கள் எந்த நாட்டுக்காரர்களாக இருந்தாலும் சென்னை ரசிகர்கள் என்றதும் இன்றைக்கும் இந்தச் சம்பவத்தைத்தான் சொல்கிறார்கள். அதுக்கு முன்னாடியே, 1997 மே மாதம், இதே சேப்பாக்கத்தில் சயீத் அன்வர் நம் பந்துவீச்சை வெளுத்து 194 அடித்தார், அப்போது அது ஒரு நாள் ஆட்டத்தில் உலக சாதனை. அவருக்கும் எழுந்து நின்றுதான் கைதட்டினார்கள்.

தமிழ்நாட்டுக்காரன் மட்டும் ரொம்ப உசத்தி என்று இதைச் சொல்லவில்லை. அடுத்த மாதமே, 1999 பிப்ரவரியில், கொல்கத்தா ஈடன் கார்டனில் டெண்டுல்கர் சோயிப் அக்தர் மேல் மோதி ரன் அவுட் ஆனதும் கூட்டம் கொந்தளித்து, கடைசியில் போலீஸ் எல்லாரையும் வெளியேற்றி, ஆளில்லாத மைதானத்தில் ஆட்டத்தை முடித்தார்கள். அங்கே இருந்தவர்களும் கிரிக்கெட்டை உயிராக நினைப்பவர்கள்தான். கூட்டம் இந்தப் பக்கமும் சாயும், அந்தப் பக்கமும் சாயும். எந்தப் பக்கம் சாய்கிறது என்பது ஆட்டத்துக்கு முந்தின நாட்களில் நாம் என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்பதைப் பொறுத்தது என்று நினைக்கிறேன்.

கிரிக்கெட்டில் இந்தியாவும் பாகிஸ்தானும் கடைசியாக டெஸ்ட் ஆடியது 2007 டிசம்பரில், பெங்களூரில். பிளஸ் டூ அண்ணன்கள், அக்காக்கள்கூட அநேகமாக அப்போது பிறக்கவில்லை. அதாவது நம்ம பள்ளியில் ஒருத்தர்கூட, வாத்தியார்களைத் தவிர, அந்த டெஸ்ட்டைப் பார்த்தது கிடையாது. ஒரு நாள் ஆட்டமும் டி20-யும் எப்பவாவது வருகிறது, அன்றைக்கு ராத்திரியே முடிந்துவிடுகிறது. ஐந்து நாள் ஒரே எதிரியோடு உட்கார்ந்து எழுந்து, இரவில் தூக்கம் வராமல் புரண்டு படுத்து, காலையில் மறுபடியும் முதல் பந்திலிருந்து ஆரம்பிக்கிற அந்தக் காத்திருப்பு எப்படி இருக்கும் என்றே நமக்குத் தெரியாது.

ரக்பி என்று ஒரு விளையாட்டு இருக்கு. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அதுதான். அதிலும் ரெண்டு நாடுகள் மோதினால் டெஸ்ட் என்றுதான் பெயர். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரு காலத்தில் நூற்றாண்டுக் கணக்கில் வெட்டிக்கொண்ட நாடுகள். அவர்கள் ரக்பியில் மோதிக்கொள்ளும் கோப்பைக்குப் பெயர் என்ன தெரியுமா? கல்கத்தா கோப்பை! அங்கே இருந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் ரக்பி கிளப்பை மூடும்போது பேங்கில் கிடந்த பணத்தை வெள்ளி ரூபாயாக எடுத்து, உருக்கி, 1878-ல் ஒரு கோப்பை செய்து அனுப்பினார்கள். கைப்பிடி மூன்றும் நாகப்பாம்பு, மூடி மேல் யானை. 1879-லிருந்து ரெண்டு நாடும் அதற்காக மோதுகின்றன. ஆட்டம் முடிந்ததும் ரெண்டு பக்கமும் வரிசையாக நின்று எதிரணிக்குக் கைதட்டி அனுப்புவது ரக்பியில் ஒரு வழக்கம். நம்ம ஊர் ரூபாயை உருக்கிச் செய்த கோப்பைக்கு அவர்கள் ஆடுகிறார்கள், நாமோ பக்கத்து வீட்டுக்காரனோடு மதுரையில் ஒரு ஹாக்கி மேட்ச் ஆட முடியாமல் நிற்கிறோம். வேடிக்கைதான்.

எதிரணிக்குக் கைதட்டுவது ஏதோ வெள்ளைக்காரனிடம் கற்றுக்கொள்ள வேண்டியது என்று யாரும் நினைக்க வேண்டாம். அவனியாபுரம் இங்கிருந்து எவ்வளவு தூரம்? பொங்கல் அன்றைக்கு வாடிவாசல் பக்கம் நின்று பாருங்கள். சீறி வந்த காளை ஒருத்தனையும் தொட விடாமல் நின்று சுற்றிவிட்டுப் போகுது. மாடு பிடிபடவில்லை, மாட்டுக்காரருக்குப் பரிசு என்று மைக்கில் சொல்லும்போது கூட்டம் விசில் அடிக்கிறது. மாடுபிடி வீரருக்கு ஒரு பரிசு, சிறந்த காளைக்கு ஒரு பரிசு. தோற்றுப்போன வீரனே தூசியைத் தட்டிக்கொண்டு "என்னா மாடுடா!" என்று சிரிக்கிறான். நோஞ்சான் மாட்டைப் பிடித்தவனை யார் மதிக்கிறார்கள்? இந்தக் கணக்கு மதுரைக்காரனுக்குப் பிறவியிலேயே தெரியும். மாட்டுக்குக் கைதட்டத் தெரிந்த ஊர், நல்ல கோல் போட்ட பையனுக்குக் கைதட்டாமலா போயிருக்கும்?

இதற்கு எதிராகச் சொல்கிறவர்களின் வாதத்தையும் எழுத வேண்டும், அதுதான் நியாயம். 2025 ஏப்ரல் 22 அன்று காஷ்மீர் பஹல்காமில் சுற்றுலா போன இடத்தில் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மே மாதம் ரெண்டு நாடுகளும் சண்டையின் விளிம்புக்கே போய், குண்டு போட்டுக்கொண்டன. அந்தக் குடும்பங்களை நினைத்தால் விளையாட்டாவது மண்ணாவது என்று ஒருவர் கேட்டால், அவரிடம் நான் வாதாட மாட்டேன். அது துக்கம். துக்கத்தில் இருப்பவரிடம் சேப்பாக்கம் கதை சொல்வது மரியாதை இல்லை.

ஆனால் நான் கேட்ட "நல்லதாப் போச்சு" எல்லாம் துக்கத்தில் வந்தது இல்லை. "வந்திருந்தா ஒரு கை பார்த்திருப்போம்", "கேலரியில இருந்தே ஓட விட்டிருப்போம்" என்று சிரிப்போடுதான் வந்தது. எங்க தெருவில் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற தாத்தா ஒருத்தர் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். ஆட வேண்டாம் என்று அரசாங்கம் முடிவு பண்ணினால் கட்டுப்பட வேண்டியதுதான், ஆனால் ஆட விட்ட பிறகு வந்த பிள்ளைகளைப் பார்த்து ஊளையிடுவது வீரம் இல்லை என்றார். 2025 ஆகஸ்ட்டில் நம் அரசாங்கம் எடுத்த முடிவும் ஏறக்குறைய அதுதான். ரெண்டு நாடு மட்டும் ஆடும் தொடர் கிடையாது, பல நாடுகள் ஆடும் போட்டியில் மோதலாம். ஆக, அவர்கள் மதுரைக்கு வர நம் பக்கம் தடை இல்லை. வராதது அவர்கள் எடுத்த முடிவு. அதுவும் தப்பு என்றுதான் நான் சொல்வேன். 2023 ஆகஸ்ட்டில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பைக்குச் சென்னைக்கு வந்து, எழும்பூர் மைதானத்தில் ஆடி, நம்மிடம் 4-0 என்று தோற்றுவிட்டுப் பத்திரமாகத்தானே போனார்கள்?

பெரியவர்கள் நமக்குக் காட்டிய உதாரணமும் அப்படி ஒன்றும் பிரமாதமாக இல்லை. 2025 செப்டம்பர் 14, துபாய், ஆசியக் கோப்பை கிரிக்கெட். ஜெயித்த நம் அணி கைகுலுக்காமல் போனது. 28-ஆம் தேதி இறுதி ஆட்டத்திலும் ஜெயித்தோம், கோப்பையை வழங்க வந்தவர் பாகிஸ்தான் அமைச்சர் என்பதால் அதை வாங்காமலே கொண்டாடினோம். அதில் அவர்கள் பக்கமும் சேட்டை நடந்தது, நான் மறைக்கவில்லை. மறுநாள் நம்ம பள்ளி கிரவுண்டில் சின்னப் பசங்க கிரிக்கெட் ஆடி முடித்துவிட்டு, கைகொடுக்க வந்தவனிடம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து போனதைப் பார்த்தேன். விளையாட்டுக்குத்தான் பண்ணினான்கள். இருந்தாலும் அதைத்தானே கற்றுக்கொண்டான்கள்?

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் ஸ்டேட்டஸில் போடவில்லை. அக்டோபர் 14, மலேசியாவில் ஜோகூர் பாரு. சுல்தான் ஜோகூர் கோப்பை ஹாக்கியில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. ஜூனியர் அணிகள், மதுரையில் மோதியிருக்க வேண்டிய அதே இரண்டு ஜூனியர் அணிகள். கைகுலுக்குவார்களா மாட்டார்களா என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆட்டம் ஆரம்பிக்கும் முன் ரெண்டு பக்கப் பையன்களும் உள்ளங்கையோடு உள்ளங்கை தட்டிக்கொண்டு நடந்தார்கள். அப்புறம் மூச்சு முட்ட ஆடினார்கள். 3-3. யாரும் தோற்கவில்லை. அந்தப் பத்து நாளுக்குள்தான் மதுரைக்கு அவர்கள் வரவில்லை என்ற செய்தி வந்தது. அந்த 3-3-இன் மிச்சத்தைப் பார்க்கத்தான் நான் காத்திருந்தேன்!

நம்ம அணி அந்த உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கியது. டிசம்பர் 10-ஆம் தேதி சென்னையில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கி, கடைசிப் பகுதியில் நாலு கோல் போட்டு 4-2 என்று ஜெயித்தார்கள். அந்த நாலு கோலும் எப்படி விழுந்தது என்று டிவியில் பார்த்தவன் எல்லாம் வரிசையாகச் சொல்கிறான். எனக்கு 17-ஐ விட இந்த நாலுதான் பெரிசு.

கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து, தமிழய்யாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இந்தியா-பாகிஸ்தான் ஆட்டம் வருகிற வாரம் எல்லாம் நம்ம வகுப்பில் ஒருத்தனைப் பார்த்து ஒரு கேள்வி வரும். "என்னடா, உன் டீம் ஜெயிக்குமா?" அவன் பெயரை வைத்துக் கேட்கிற கேள்வி அது. கேட்கிறவன் கெட்டவன் இல்லை, அவனோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறவன்தான். இவனும் சிரித்துக்கொண்டே "போடா" என்பான். ஆனால் துபாய் இறுதி ஆட்டம் முடிந்த மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்று லீவ் லெட்டர். இத்தனைக்கும் அந்த ஆட்டத்தைப் பார்த்துக் கடைசி ஓவரில் அவன் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்ததாக அவன் தங்கச்சி சொன்னாள். இந்தியா ஜெயித்ததற்குத்தான் கத்தியிருக்கிறான். அதை எதற்கு அவன் நிரூபிக்கணும்? நான் நிரூபிக்க வேண்டியதில்லை என்றால் அவனும் நிரூபிக்க வேண்டியதில்லை.

அடுத்த ஆட்டம் எந்த நாட்டில் எந்த ஊரில் வந்தாலும் அவனும் நானும் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பதாகப் பேசியிருக்கிறோம். மறுநாள் காலையில் அவனிடம் அந்தப் பழைய கேள்வியைக் கேட்காதீர்கள். மூன்றாவது கோல் யார் போட்டது, எத்தனையாவது நிமிஷம் என்று கேளுங்கள். எங்க வகுப்பில் அதைத் தப்பில்லாமல் சொல்லக்கூடியவன் அவன் ஒருத்தன்தான்.